தாராசிங்கின் புகழ்: மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு?

தெமோதரையை அடுத்த தோட்டங்களில் வீரர்களைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால், அது இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதே வழக்கம். முதியோர் யாவரும் தாராசிங் கட்சி. "ஐந்நூறு கோதா கண்டவர், ஒன்றிலேனும் அவர் முதுகு மண்ணிற் பட்டதில்லை" என்பது அவர்களுக்கு வேதவாக்கு. இளைஞர் கட்சியோ கைத்தொலைபேசியிற் கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளைக் கண்டு வளர்ந்தது. "தாத்தா காலத்து மல்யுத்தமெல்லாம் முன்னமே பேசி வைத்த நாடகம். கொனோர் மெக்கிரெகர் எதிரே வந்து நின்றால் தாராசிங் ஒரு நிமிடம் தாங்குவாரா?" என்பது அவர்களுடைய வாதம். ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில், இவ்விரு கட்சியினரும் குடியிருக்கின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்கு வாதமென்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. எவரை வீரரென்று வீட்டிற் கொண்டாடுகிறோமோ, அவரையே அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகள் தம்மை அளந்து பார்க்கின்றனர். அளவுகோல் பிழையாயின் அளவும் பிழையாகும். ஆகவே, தாராசிங் தம் தகுதிக்கு மேற்பட்ட புகழைப் பெற்றவரா என்ற வினாவை இங்கே சற்று நிதானமாக ஆராய்வோம்.

பிழைப்புத் தேடிச் சென்றவர்

பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில், தர்முசக் என்னும் சிற்றூரில், 1928 நவம்பர் 19 ஆம் நாள் பிறந்தவர் தாராசிங். வாலிபப் பருவத்தில், 1940களின் பிற்பகுதியில், பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குச் சென்றார். அங்கே ஆலையொன்றில் வேலை பார்த்தவாறே, ஹர்னாம் சிங் என்ற ஆசானிடம் மல்யுத்தம் பயின்றார். ஆறடி இரண்டங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் அவருக்கு இயற்கை அளித்த செல்வங்கள். கடல் கடந்து கூலி தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையக மக்களுக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. நம் முதியோர் அவர்மீது கொண்ட பற்றுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1954 இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று 'ருஸ்தம்-இ-ஹிந்த்' என்ற விருதைப் பெற்றார். 1959 இல் கல்கத்தாவில் கனடா நாட்டு மல்லரான ஜோர்ஜ் கோர்டியென்கோவை வீழ்த்திப் பொதுநலவாய வீரர் பட்டத்தைச் சூடினார். 1968 மே 29 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலக வீரரெனப் பாராட்டப்பட்டார். இதற்கிடையே திரைப்படத் துறையிலும் புகுந்து, 'கிங்கொங்' (1962), 'பௌலாத்' (1963) முதலிய இந்திப் படங்களிற் கதாநாயகராக நடித்தார். 1983 இல் கோதாவிலிருந்து ஓய்வு பெற்றார். 1987 இல் தூரதர்சனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இராமாயணத் தொடரில் அநுமனாகத் தோன்றி, மல்யுத்தமே அறியாத இல்லங்களிலும் இடம்பெற்றார். 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12 இல், தமது 83 ஆவது வயதில், மும்பையிற் காலமானார்.

அவருடைய எதிராளிகளுள் தலையாயவர் கிங்கொங். இவருடைய இயற்பெயர் எமில் சாயா. அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டதும் இந்நாளில் ருமேனியாவைச் சேர்ந்ததுமான நகரொன்றில் 1909 இற் பிறந்தவர். மலைபோன்ற உடலும் அடர்ந்த தாடியும் கொண்டவர். 1970 இற் சிங்கப்பூரில், மோட்டார் விபத்தொன்றிற் பட்ட காயத்தால் மாண்டார். தமிழ் வழங்கும் இடங்களில் இவ்விருவர் பெயரும் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டன. வீம்பு பேசும் சிறுவனைப் பார்த்து, "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று கேட்காத பாட்டி உண்டா?

ஐயத்துக்குக் காரணங்கள்

பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் தெமோதரை நிலையத்தை விட்டு நீங்கி, மலையை வளைந்து சுற்றி வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்கின்றது. மேலிருந்து பார்த்த நிலையத்தின் அத்திவாரம் கீழே சென்ற பின்னரே தெரிகின்றது. தாராசிங்கின் புகழையும் அவ்வாறே அடியிலிருந்தும் ஒரு முறை பார்க்கவேண்டியது முறை.

முதலாவது, ஐந்நூறு என்ற கணக்கு. ஊர் ஊராகச் சென்று கோதா அமைத்த அக்கால மல்யுத்தத்துக்குப் பொதுவான பதிவேடு கிடையாது. வெற்றி தோல்விகளைக் குறித்து வைத்து மேற்பார்வை செய்யும் சபை எதுவும் அதற்கு இருந்ததில்லை. டிக்கெட் விற்பவரின் விளம்பரத் தாளே நாளடைவில் வரலாறாகிவிட்டது. மெக்கிரெகரின் கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் 2008 முதல் 2021 ஜூலை வரை, பதின்மூன்று ஆண்டுகளில், கலப்புச் சண்டையில் 28 முறைதான் களம் புகுந்தார். மல்யுத்தம் குத்தும் உதையும் போல் உடலைச் சிதைப்பதன்று என்பது உண்மையே. எனினும், பெரும் மல்லர்களோடு ஐந்நூறு முறை மெய்யாகவே பொருதி, ஒருமுறையேனும் சறுக்காதிருப்பது மனித உடலுக்கு அமைந்த காரியமன்று.

இரண்டாவது, லூ தெஸ் மீது பெற்ற வெற்றி. தெஸ் மாபெரும் மல்லர் என்பதில் ஐயமில்லை. 1937 இலேயே, தமது 21 ஆவது வயதில், உலக வீரர் பட்டம் பெற்றவர். ஆனால் பம்பாய்ப் போட்டி நடந்தபோது அவருக்கு வயது 52; தாராசிங்குக்கோ 39. அமெரிக்காவின் தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பு வழங்கிய உலகப் பட்டத்தையும் அவர் 1966 சனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். அக்காலத்தில் உலக வீரர் பட்டம் ஒன்றன்று, பல. ஒவ்வொரு நிலையத்தாரும் தத்தமக்கென ஒரு பட்டத்தை வைத்திருந்தனர்.

மூன்றாவது, தொழிலின் அமைப்பு. மேடையில் ஒருவரையொருவர் விழுங்கிவிடுபவர்போல் உறுமியவர்கள், ஒரே ஒப்பந்தக்காரரின் கீழ், ஒரு நகரிலிருந்து மறு நகருக்குச் சென்று, அதே சண்டையை மீண்டும் மீண்டும் நடத்தினர். ஒருவர் நல்லவர், மற்றவர் கொடியவர் என்ற வேடப் பங்கீடும் உண்டு. இரண்டு மணி நேரம் சபையைக் கட்டி வைத்து, இறுதியில் நல்லவரை வெல்லச் செய்வதே இத்தொழிலின் நுணுக்கம். நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்ட இவ்வுண்மை 1989 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு, அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனத்தார், தாங்கள் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று நியூஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தாரிடம் தாமே ஒப்புக்கொண்டனர். விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதே அவர்களுடைய நோக்கம். அதே நிறுவனம் 2018 இல் தாராசிங்கின் பெயரைத் தன் புகழ் மண்டபத்திற் சேர்த்துக்கொண்டது.

நாடகம் ஏன் புகுந்தது?

இவ்வளவையும் கேட்ட பேரன், "நான் சொன்னது சரிதானே!" என்று துள்ளக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். மெய்யான மல்யுத்தம் இருக்க, நாடகம் ஏன் வந்தது?

1910 இல், பஞ்சாப் மல்லர் காமா லண்டனுக்குச் சென்று உலகத்தாருக்கு அறைகூவல் விடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10 இல், போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் பொருதினார். இது பேசி வைத்த போட்டியன்று. நடந்தது யாது? காமாவின் வலிமையைக் கண்ட ஸ்பிஸ்கோ, குப்புறப் படுத்துத் தரையைப் பற்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. அவரும் எழுந்து பொருதவில்லை. போட்டி முடிவின்றிக் கலைந்தது. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 1928 இற் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்திவிட்டார்.

இன்னுமோர் உதாரணம். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியும் 1976 ஜூன் 26 இல் தோக்கியோவில் மோதினர். இன்றைய கலப்புச் சண்டைக்கு முன்னோடி என்று பலர் கருதும் போட்டி இது. பதினைந்து சுற்றுகளிலும் இனோக்கி பெரும்பாலும் மல்லாந்து கிடந்தவாறே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலி விட்ட குத்துகள் பத்தைத் தாண்டவில்லை. முடிவு சமம். அலியின் கால்கள் வீங்கி, அவர் வைத்தியசாலை செல்ல நேர்ந்தது. பணம் கொடுத்து வந்தோர் ஏமாந்து கூச்சலிட்டனர்.

மெய்ப்போர் பல வேளைகளிற் பார்ப்பதற்குச் சுவையற்றது. முழுநாள் உழைத்த கூலியிற் சில்லறையைச் சேர்த்து டிக்கெட் வாங்கியவனுக்கு, ஒருவர் படுத்துக் கிடக்க மற்றவர் தள்ளிக்கொண்டிருப்பதைக் காட்டினால் அவன் மறுமுறை வருவானா? அவனுக்கு விறுவிறுப்பும் நியாயமும் வேண்டும். அவற்றைத் தவறாமல் அளிக்கவே மல்யுத்தம் கூத்தாயிற்று.

கூத்தும் கோதாவும்

கூத்து என்றதும் இழிவாக எண்ணுதல் நம்மவர்க்குத் தகாது. மாசி மாதத்தில் நம் தோட்டங்களிற் காமன் கூத்து நடைபெறுகின்றது. நெற்றிக்கண் நெருப்பில் மன்மதன் எரிய, ரதி புலம்பி அழ, சூழ்ந்து நிற்போர் கண் கலங்குகின்றனர். பொன்னர் சங்கர் கூத்தில் வாள் ஏந்தி நிற்பவர், மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்பவர்தான். அவர் மெய்யாகவே பகைவரைக் கொன்றாரா என்று எவரும் கேட்பதில்லை. அதே வேளையில், அவருடைய ஆட்டமும் அடவும் பொய்யென்றும் எவரும் சொல்வதில்லை. விடிய விடிய ஆடும் அந்த உடல் மெய், அதன் பயிற்சியும் மெய், களைப்பும் மெய்.

தாராசிங்கின் நிலையும் அத்தகையதே. முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் கிங்கொங்கைப் போன்ற பேருடலைத் தலைக்கு மேல் தூக்குவதையோ, அவ்வுடல் தம்மேல் விழும்போது தாங்குவதையோ எந்த ஒப்பந்தமும் செய்து தராது. இதற்குத் தக்க சாட்சி லூ தெஸ்தான். மெய்யான பிடிகளில் வல்லவர் என்று தொழில் மல்லர்களே அஞ்சிய தெஸ், தமது நினைவுகளிற் தாராசிங்கை உண்மையான மல்லரென்றும், உடலைச் செம்மையாகப் பேணியவரென்றும் பாராட்டியிருக்கிறார். அத்தகையவரிடம் தோற்பதிற் தமக்கு மறுப்பு இருக்கவில்லை என்றும் கூறியிருக்கிறார். இவ்வொரு சாட்சியத்தில் இரு உண்மைகள் அடங்கியுள்ளன: தோல்வி தெஸ்ஸின் இசைவோடு வந்தது, இசைவதற்குரிய தகுதி தாராசிங்கிடம் இருந்தது.

ஆயினும் கூத்துக்கும் கோதாவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கூத்துக்காரர் தாம் ஆடுவது கூத்து என்று சொல்லியே ஆடுகிறார். கோதாக்காரரோ போட்டி என்று சொல்லி டிக்கெட் விற்றார். பிழை அங்கேதான் இருக்கின்றது. அப்பிழை தாராசிங் ஒருவருடையதன்று; அத்தொழில் முழுவதற்கும் உரியது.

புதிய வீரர், பழைய நோய்

இனி இளைஞர் கட்சியின் வீரரைப் பார்ப்போம். கலப்புத் தற்காப்புக்கலை 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதலாவது யு.எப்.சி. போட்டியோடு உலகறியத் தொடங்கியது. குத்து, உதை, பிடி ஆகிய அனைத்தும் அதில் உண்டு. முடிவு முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆகவே அங்கே புகழும் திறமையும் ஒன்றாகவே நடக்கும் என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர்.

அயர்லாந்து நாட்டு மெக்கிரெகர் 2015 டிசம்பரில், பத்தாண்டு தோல்வி காணாதிருந்த பிரேசில் வீரர் ஜோசே அல்டோவைப் 13 விநாடியில் வீழ்த்தினார். 2016 நவம்பரில் எடி அல்வாரெஸை வென்று, யு.எப்.சி. வரலாற்றில் ஒரே காலத்தில் இரு எடைப் பிரிவுகளின் பட்டத்தை வைத்திருந்த முதல்வரானார். இவை பெருஞ் சாதனைகளே. ஆனால் அவ்விரு பட்டங்களில் ஒன்றையேனும் அவர் மீண்டும் களமிறங்கிக் காத்ததில்லை. 2018 அக்டோபரில் தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவிடம் நான்காவது சுற்றிற் பணிந்தார். 2021 இல் டஸ்டின் போரியேவிடம் இருமுறை தோற்றார்; இரண்டாம் முறை கால் எலும்பு முறிந்தது. அன்றைய கணக்கில் அவருடைய வெற்றி 22, தோல்வி 6.

கபீபோ 29 சண்டைகளில் 29 ஐயும் வென்று, 2020 இல் ஓய்வு பெற்றார். எழுதி வைக்கப்பட்ட, எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. ஆயினும் நம் தோட்டத்துச் சிறுவரிடம் ஒரு வீரர் பெயரைக் கேட்டால் முதலில் வருவது மெக்கிரெகரின் பெயரே. ஏன்? அவருடைய வாய்வீச்சும், உடையும், நடையும், எதிராளியைச் சீண்டும் சாதுரியமும் கைத்தொலைபேசித் திரையில் எடுப்பாகத் தோன்றுகின்றன. ஆகவே, சண்டை மெய்யாயிருப்பதனால் மட்டும் புகழும் மெய்யாகிவிடாது. பாட்டன் விளம்பரத் தாளை நம்பினார். பேரன் விளம்பரப் படத்தை நம்புகிறான். இருவருக்கும் பிடித்த நோய் ஒன்றே.

நமது தீர்ப்பு

'தோல்வியே காணாத மல்லர்' என்ற அளவில் தாராசிங்கின் புகழ் மிகைப்பட்டதே. அதனை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டாற் பின் என்ன எஞ்சும்? வெறுங்கையோடு கடல் கடந்து, ஆலை வேலைக்கிடையே பயின்று, தம் உடலையே மூலதனமாக்கி உயர்ந்த ஓர் உழைப்பாளி எஞ்சுவார். சிற்றரசர் ஆதரவில் வளர்ந்த மல்யுத்தத்தைச் சாதாரண மக்கள் சில்லறை கொடுத்துக் காணும் கலையாக்கிய கலைஞர் எஞ்சுவார். அறுபதை நெருங்கும் வயதிலும் அநுமன் வேடத்துக்குரிய உடலைக் காத்து நின்ற ஒழுங்கு எஞ்சும். இவற்றை அளவாகக் கொண்டால், அவருக்குக் கிடைத்த புகழ் மிகையன்று. 'ஐந்நூறு' என்ற எண்ணைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்த மனிதரின் உழைப்பைப் புகழ்ந்தவர்கள் சிலரே.

மெக்கிரெகரோடு மோதினால் யார் வெல்வார் என்ற கேள்விக்கும் ஒரு சொல். இது விடை காண வேண்டிய கேள்வியன்று. குத்தும் உதையும் பயின்றவரும், பிடியும் தூக்கும் பயின்றவரும் வெவ்வேறு தொழிலாளர். கவ்வாத்து வெட்டுபவரையும் கொழுந்து பறிப்பவரையும் யார் திறமைசாலி என்று ஒப்பிடுவார் உண்டா?

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

தோல்வியறியா வீரரின் கதையால் விளையும் கேடு சிறிதன்று. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதன்முறை தோற்ற சிறுவன், வீரர் என்போர் தோற்பதேயில்லை என்று நம்பியிருந்தானாயின், தான் வீரனாக முடியாதவன் என்று முடிவு கட்டிவிடுவான். மறுமுறை மைதானத்துக்கு வரவே தயங்குவான். ஒரு பொய்க்கணக்கு இவ்வாறு ஒரு மெய்யான பிள்ளையைக் கெடுத்துவிடுகின்றது. ஏற்கெனவே வசதிக் குறைவோடு போராடும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தச் சுமையும் வேண்டுமா?

கலப்புச் சண்டையிற் கற்பிக்கத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. கழுத்தோ மூட்டோ பிடியில் அகப்பட்டு, இனி மீள முடியாதென்று உணர்ந்தவர், எதிராளியின் உடலைக் கையாற் தட்டுவார். உடனே பிடி தளர்த்தப்படும், சண்டை நிற்கும். 2016 மார்ச்சில் நேட் டயஸின் பிடியில் மெக்கிரெகர் தட்டினார். ஐந்து மாதம் கழித்து அதே டயஸை எதிர்த்து நின்று வென்றார். 2018 இற் கபீபிடமும் தட்டினார். தட்டியது அவருக்கு இழிவாகவில்லை. தட்டியதனாலேயே மீண்டும் பொருதும் உடல் அவருக்கு மிஞ்சியது. இந்தக் காட்சிகளையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கழுத்தை நெரிக்கும் பிடிகளையும் தலைகீழாகத் தூக்கிப் போடுதலையும் லயத்து வாசலிலே சிறுவர் பழகிப் பார்ப்பது ஆபத்தானது. கோதாவில் விழுபவர் விழுவதற்கென்றே பல்லாண்டு பயின்றவர். களத்தில் மத்தியஸ்தரும் வைத்தியரும் அருகிருப்பர். சிமெந்துத் தரையில் இவர்களுள் எவருமில்லை. ஆர்வமுள்ள பிள்ளைக்கு முறையான ஆசானைத் தேடிக் கொடுங்கள். கராத்தேயாயினும் சிலம்பமாயினும், முதற் பாடமாக விழவும் விலகவும் கற்பிக்கும் ஆசானாயிருத்தல் வேண்டும்.

தாராசிங்கின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஐந்நூறு என்ற எண்ணை விட்டுவிட்டு, சிங்கப்பூர் ஆலையில் வேலை முடிந்து பயிற்சிக்குச் சென்ற இளைஞரின் கதையாக அதனைச் சொல்லுங்கள். தோற்று வந்த பிள்ளையை அன்றிரவு கடிந்து பேசாமல், அடுத்த நாட் காலையிற் பயிற்சிக்கு எழுப்பிவிடுங்கள்.